கொழுப்பில்லாத புகையிறைச்சியும் லேபிளின் கடைசி வரியும்

கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர்கள் எல்லோரும் உப்பைப் பற்றியும் கூடவே சொல்லிவிடுவதில்லை. வடமேற்கு ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் நான் வேலை பார்த்தபோது, அலுவலகம் ஏற்பாடு செய்த வழக்கமான இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பது தெரிந்தது. கொழுப்புள்ள இறைச்சியையும் வறுத்த பண்டங்களையும் ஒதுக்கிவிட்டுப் புரதம் மிகுந்த, கொழுப்புக் குறைந்த உணவைச் சாப்பிடுங்கள் என்று அச்சிட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாளை ஒரு வரி விடாமல் பின்பற்றினேன். அடுத்த குளிர்காலத்தில் கொலஸ்ட்ரால் ஓரளவு இறங்கியிருந்தது. இரத்த அழுத்தமோ 190-க்கு 115 என்று ஏறி, துணைக்கு ஒருவரும் இல்லாத ஊரில் என்னை மருத்துவமனைக் கட்டிலில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஜெர்மனியர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வரும் புகையூட்டிய பன்றியிறைச்சியில் என்ன சத்து இருக்கிறது, கூடவே என்ன வருகிறது என்று யாராவது முன்பே உட்கார்ந்து சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊரின் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். ஓல்டன்பர்க்கை ஒட்டிய அம்மர்லாந்து வட்டாரம் புகையூட்டிய பன்றித் தொடைக்குப் பெயர் பெற்றது. அம்மர்லாந்து ஷிங்கன் என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு. அப்பகுதியின் பழைய பண்ணை வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது. நடுக்கூடத்தில் எரியும் அடுப்பின் புகை மேலே எழுந்து, உத்தரத்தில் தொங்கவிட்ட தொடைகளையும் தொத்திறைச்சிகளையும் மாதக்கணக்கில் சூழ்ந்துகொண்டிருக்கும். குளிர் தொடங்கும்போது பன்றியை அறுத்து, உப்பிட்டு, புகையூட்டி, அடுத்த கோடை வரை வைத்துச் சாப்பிட்ட குடியானவர்களின் உணவு அது. நாள் முழுவதும் வயலில் உழைத்தவர்கள், ஒரு பன்றியை ஆண்டு முழுவதற்கும் பங்கிட்டுச் சாப்பிட்டவர்கள். கணினியின் முன் உட்கார்ந்து வேலை பார்த்த நான் அதை நாளுக்கு இரண்டு வேளை சாப்பிட்டேன்.

மதியம் அலுவலக உணவகத்தில் அடிக்கடி காஸ்லர் போடுவார்கள். பன்றியின் இடுப்புப் பகுதியையோ கழுத்துப் பகுதியையோ உப்புநீரில் ஊறவைத்து, இலேசாகப் புகையூட்டி, வேகவைத்த இளஞ்சிவப்பு இறைச்சி அது. பக்கத்தில் புளிக்கவைத்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் இருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை முட்டைக்கோசின் இடத்தில் க்ரூன்கோல் என்ற சுருட்டைக் கீரை வரும். அதனுடன் காஸ்லர், புகையூட்டிய கொழுப்புத் துண்டு, தானிய நொய்யும் கொழுப்பும் கலந்து அடைத்த பிங்கல் என்ற தொத்திறைச்சி எல்லாம் ஒரே தட்டில் வரும். இந்தப் பருவத்தில் ஓல்டன்பர்க்காரர்கள் கூட்டமாகக் கைவண்டி இழுத்துக்கொண்டு குளிரில் நடந்துபோய், ஏதாவது ஒரு கிராமத்து விடுதியில் இந்தச் சாப்பாட்டை வெளுத்துக்கட்டுவார்கள். தனியாக வசிப்பவனையும் இழுத்துக்கொண்டு போகிற அருமையான வழக்கம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவில் அந்நாட்டு வழக்கப்படி ரொட்டியும் குளிர்ந்த இறைச்சிச் சீவல்களும் சாப்பிடுவேன். தாளில் சொல்லியிருந்தபடி பிங்கலையும் கொழுப்புத் துண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கொழுப்பு நீக்கிய காஸ்லரையும் இரவுக்கு லாக்ஸ்ஷிங்கனையும் எடுத்துக்கொண்டேன். லாக்ஸ்ஷிங்கன் என்பது இடுப்புச் சதையை மட்டும் உப்பிட்டு மென்மையாகப் புகையூட்டியது. 100 கிராமில் கொழுப்பு 3 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், புரதமோ 20 கிராமுக்கு மேல். தாள் கேட்டதும் அதைத்தானே?

இந்த இறைச்சிகளைச் சத்தில்லாத குப்பை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. மற்ற இறைச்சிகளைவிடப் பன்றியிறைச்சியில் வைட்டமின் பி1 மிக அதிகம். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் தேவைப்படும் அந்த வைட்டமினில் பெரும்பங்கை ஒரு வேளைக் காஸ்லரே தந்துவிடும். பி12, துத்தநாகம், உடல் எளிதில் ஈர்த்துக்கொள்ளும் வகை இரும்பு ஆகியவையும் உண்டு, மாட்டிறைச்சியைவிட இரும்பு குறைவு என்றாலும். கொழுப்பு எந்தப் பகுதியிலிருந்து வெட்டியது என்பதைப் பொறுத்து மாறும்: இடுப்புக் காஸ்லர் மெலிந்தது, கழுத்துக் காஸ்லரில் கொழுப்பு இரு மடங்குக்கும் மேல் போகலாம், கருங்காட்டுப் பகுதியின் ஷ்வார்ட்ஸ்வெல்டர் ஷிங்கனில் விளிம்புக் கொழுப்போடு சேர்த்து 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை வரும். ஆகவே கொழுப்பைப் பார்த்து வாங்குகிறவருக்கு இந்தக் கடைகளில் தேர்ந்தெடுக்க நிறையவே இருக்கிறது. ஆனால் உப்பு மட்டும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. மெலிந்த துண்டுக்கும் கொழுத்த துண்டுக்கும் ஒரே உப்புத்தான். சொல்லப்போனால் உப்புநீர் பிடிப்பது சதையில்தான், கொழுப்பில் அன்று.

பதப்படுத்தும் முறையைப் புரிந்துகொண்டால் எண்கள் தாமாகவே விளங்கும். காஸ்லரை உப்புநீரில் ஊறவைப்பார்கள், அல்லது ஊசிகளால் உப்புநீரைச் சதைக்குள் செலுத்துவார்கள். நீர் உள்ளேயே இருப்பதால் முடிவில் 100 கிராமுக்கு 2 முதல் 2.5 கிராம் உப்பு நிற்கும். ஷ்வார்ட்ஸ்வெல்டர் ஷிங்கன் போன்றவற்றை உலர் உப்பு, பூண்டு, கொத்தமல்லி, மிளகு, ஜூனிப்பர் காய் ஆகியவற்றால் தேய்த்து வாரக்கணக்கில் வைத்து, ஃபர், ஸ்ப்ரூஸ் ஆகிய ஊசியிலை மரங்களின் குளிர்ந்த புகையில் தொங்கவிட்டு, பிறகு காற்றில் உலர்த்துவார்கள். அதற்குள் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நீராக வெளியேறிவிடும். புரதம் செறிவாகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். உப்பும் அதே கணக்கில் செறிவாகி 100 கிராமுக்கு 5 கிராமை எட்டுகிறது. மெலிந்த லாக்ஸ்ஷிங்கனும் 4 முதல் 5 கிராமில்தான் நிற்கிறது. நம் ஊரில் கருவாட்டை யாரும் ஊறவைத்து அலசாமல் குழம்பில் போடுவதில்லை, ஒரு வேளைக்கு இரண்டு துண்டுக்கு மேல் தட்டில் வைப்பதும் இல்லை. மெல்லிய தாள்போலச் சீவி, பளபளப்பான உறையில் அடுக்கிய லாக்ஸ்ஷிங்கனைப் பார்க்கும்போது அந்த எச்சரிக்கை தோன்றுவதே இல்லை. சற்று இனிப்பும் புகைமணமும் கலந்திருப்பதால் நாக்கும் அதை உணர்த்துவதில்லை.

இனி ஒரு நாள் கணக்கு. ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் நாளுக்கு 6 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு 5 கிராமுக்குக் கீழே நிற்கச் சொல்கிறது. மதியம் 200 கிராம் காஸ்லரில் நாலரை கிராம், புளித்த முட்டைக்கோசிலும் குழம்பிலும் சேர்த்து 3 கிராம். இரவில் 80 கிராம் லாக்ஸ்ஷிங்கன் பொட்டலத்தில் ஏறக்குறைய 4 கிராம், இரு வேளை ரொட்டியில் இரண்டரை கிராம், சிறிது பாலாடைக்கட்டியில் 1 கிராம். உப்புக் குப்பியைத் தொடாமலே 15 கிராம் ஆகிவிட்டது. கீரை நல்லதுதானே என்று நினைத்த க்ரூன்கோலும் இறைச்சி வெந்த நீரிலேயே வேகிறது; இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் கீரையை மட்டும் சாப்பிட்டாலும் உப்பு கீரையோடு வந்துவிடும். ஐரோப்பிய விதிப்படி உறையிட்ட உணவுகளின் சத்துப் பட்டியல் ஆற்றல், கொழுப்பு, நிறைவுற்ற கொழுப்பு, மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் என்று இறங்கி, கடைசி வரியில்தான் உப்பைச் சொல்கிறது. கொழுப்பைத் தேடும் கண்ணுக்கு இரண்டாம் வரியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. சோடியம் என்று எழுதியிருக்கும் பிற நாட்டு உறைகளில் அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். கசாப்புக்கடையில் வெட்டித் தரும் இறைச்சிக்கும் உணவகத் தட்டுக்கும் சத்துப் பட்டியல் கட்டாயமில்லை. நைட்ரைட் உப்பு (இறைச்சியைப் பதப்படுத்தும் உப்பு) சேர்த்தது, பாஸ்பேட் சேர்த்தது என்ற குறிப்புகள் மட்டும் விலைப்பலகையிலோ உணவுப்பட்டியலின் அடியில் சிறு எண்களாகவோ இருக்கும். எவ்வளவு உப்பு என்பது எங்கும் இருக்காது.

கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம். அலுவலகமும் பெரும்பாலான மருத்துவர்களின் சிகிச்சையகங்களும் மூடியிருந்தன. சில வாரங்களாகவே மாலையில் காலுறையின் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்து நின்றது. படுத்தால் தலை விண்ணென்று தெறித்தது. இரவில் பலமுறை எழ வேண்டியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, புதிய தலையணை சரியில்லை என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரவு பார்வை மங்கி, மூச்சு முட்டத் தொடங்கியபோது எனக்கு உண்மையிலேயே அச்சம் பிடித்துவிட்டது. மயங்கி விழுந்தால் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்ற ஒரே எண்ணம்தான். ஜெர்மனியில் தனியாக வசிப்பவர்கள் இரண்டு எண்களை எழுதிக் கதவருகே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் இல்லாத நேரத்தில் அவசரமில்லாத தொல்லைக்கு 116117. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பார்வைக் குறைவு, கைகால் மரத்துப்போதல் என்றால் யோசிக்காமல் 112. நான் முதல் எண்ணை அழைத்துக் காத்திருந்தேன். எடுத்தவர் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு ஆம்புலன்ஸை அனுப்பி வைத்தார். வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறிவுரை சிறியதுதான், ஆனால் தனியாக இருப்பவருக்கு அதைவிடப் பெரியது இல்லை.

மருத்துவமனையில் அழுத்தத்தை மெதுவாக இறக்கினார்கள். இதயமும் சிறுநீரகமும் தப்பித்துவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு 24 மணிநேரச் சிறுநீரைப் பெரிய குடுவையில் சேர்க்கச் சொன்னார்கள். சங்கடமான வேலைதான், ஆனால் எனக்கு உண்மையைச் சொன்னது அந்தக் குடுவை. நாம் தின்னும் உப்பில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், அதிலுள்ள சோடியத்தை அளந்தால் ஒருவர் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்று கணக்கிட்டுவிடலாம். ஏறக்குறைய 17 மில்லிமோல் சோடியம் 1 கிராம் உப்புக்குச் சமம். எனக்கு 265 வந்தது, அதாவது பதினைந்தரை கிராம். ஒரு வேளையாவது காரசாரமாகச் சாப்பிட முடியவில்லையே என்று அலுத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த எண் திகைப்பாக இருந்தது. என் தந்தைக்கும் இரத்த அழுத்தம் உண்டு; உப்புக்கு உடல் எதிர்வினையாற்றுவதும் ஆளுக்கு ஆள் மாறும். எனவே காஸ்லர் மட்டுமே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் குடும்பத்தில் அழுத்தம் இருப்பவர்கள் கொலஸ்ட்ராலுக்காக உணவை மாற்றும்போதே உப்பையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். வாய்ப்பிருந்தால் இந்தச் சிறுநீர்ச் சோதனையையும் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை அரசுச் சட்டத்திற்குட்பட்ட மருத்துவக் காப்பீடு பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டது. ஆம்புலன்ஸுக்கு 10 யூரோ, மருத்துவமனையில் நாளுக்கு 10 யூரோ, மருந்துச் சீட்டுக்குச் சிறுதொகை என்ற அளவில்தான் என் பங்கு. வலித்தது வேறு இடத்தில். பொங்கலுக்கு ஊருக்குப் போக எடுத்திருந்த மலிவு விலை விமானச்சீட்டின் 800 யூரோ திரும்பவில்லை. மிச்சம் வைத்திருந்த விடுப்பும், ஊரைப் பார்க்கும் ஆசையும் அதோடு போயின. அடுத்த செலவு தவிர்த்திருக்கக்கூடியது. ஊட்டச்சத்து ஆலோசகரைப் பார்த்தால் காப்பீடு ஒரு பகுதியைத் திருப்பித் தரும், ஆனால் மருத்துவரிடமிருந்து தேவைச் சான்றை முதலில் வாங்கி, காப்பீட்டு நிறுவனத்திடம் செலவு மதிப்பீட்டைக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே போக வேண்டும். எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. முதல் சந்திப்புக்கான 90 யூரோ என் கையிலிருந்தே போயிற்று. மேற்கையில் கட்டும் அழுத்தமானி ஒன்றை 40 யூரோவுக்குள் வாங்கினேன். அந்தச் செலவைப் பற்றி மட்டும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அந்த ஆலோசகர்தான் உப்போடு நிற்காமல் நைட்ரைட்டைப் பற்றியும் விளக்கினார். ஜெர்மனியில் இறைச்சியைப் பதப்படுத்தப் பயன்படுத்தும் உப்பில் 0.4 முதல் 0.5 விழுக்காடு சோடியம் நைட்ரைட் கலந்திருக்கும். வெந்தாலும் சாம்பல் நிறமாகாமல் காஸ்லர் இளஞ்சிவப்பாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். அதைச் சேர்ப்பது அழகுக்காக மட்டுமன்று. உயிரைக் கொல்லும் பொட்டுலிசக் கிருமியை அது தடுக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் அந்தக் கிருமியின் நச்சை விரிவாக ஆராய்ந்து எழுதியது தெற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க்கில், தொத்திறைச்சி தின்று இறந்தவர்களைக் கண்டுதான். இன்னொரு பக்கம், நைட்ரைட் புரதத்தின் அமீன்களோடு கடுஞ்சூட்டில் சேரும்போது நைட்ரோசமீன் என்ற புற்றுநோய்க் காரணிகள் உருவாகின்றன. ஆகவே காஸ்லரையும் புகையூட்டிய கொழுப்புத் துண்டையும் கரி அடுப்பில் சுடக் கூடாது. ஜெர்மனியர் கோடையில் சுடும் வெள்ளை நிறத் தொத்திறைச்சியில் நைட்ரைட் உப்பு இல்லை. சுடுவதற்கு அதை எடுத்துக்கொள்ளலாம். வைட்டமின் சி இந்த வினையை மட்டுப்படுத்துவதால்தான் உப்புக் கலவையில் அஸ்கார்பிக் அமிலத்தையும் சேர்க்கிறார்கள். 2015-இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் தின்றால் குடற்புற்றுநோயின் வாய்ப்பு ஏறக்குறைய 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணிப்பு. புகையிலையும் அதே வகையில்தான் இருக்கிறது என்று சிலர் அச்சுறுத்துவார்கள். வகை என்பது சான்றின் உறுதியைக் குறிப்பது, ஆபத்தின் அளவை அன்று. ஐரோப்பிய ஒன்றியம் நைட்ரைட்டின் உச்ச அளவைக் குறைத்து 2023-இல் இயற்றிய விதி 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நைட்ரைட் இல்லாமல் உப்பை மட்டும் வைத்துப் பதப்படுத்திய தொடைகளும் விற்கிறார்கள். அழுத்தம் உள்ளவர்கள் அதில் ஏமாற வேண்டாம், உப்பு அவற்றிலும் குறைவில்லை.

இப்போது நான் இதை அடியோடு விட்டுவிடவில்லை. காஸ்லரை முழுத் துண்டாக வாங்கி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வேகவைக்கிறேன். வெந்த நீரையும் குழம்புக்கு எடுப்பதில்லை. கரையும் வைட்டமின்களில் கொஞ்சம் அதோடு போகும், போகட்டும். கீரையைத் தனியாக உப்பில்லாமல் வேகவைத்து, தட்டில்தான் இறைச்சியோடு சேர்க்கிறேன். புளித்த முட்டைக்கோசையும் ஒருமுறை அலசிவிடுகிறேன். ஷிங்கன் என்றால் ரொட்டிக்கு ஒரு சீவல், அதுவும் வாரத்தில் ஓரிரு முறை. 2024-இல் ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் எல்லா இறைச்சியும் சேர்த்து வாரத்துக்கு 300 கிராமுக்குமேல் வேண்டாம் என்று தன் அறிவுரையை இறுக்கியிருப்பதால் அதுவே போதும். கர்ப்பிணிகள் வேகவைக்காத ஷிங்கனையும் மெட்வுர்ஸ்ட் போன்ற பச்சைத் தொத்திறைச்சிகளையும் தவிர்க்க வேண்டும், அது உப்புக்காக அன்று, லிஸ்டீரியா, டாக்சோபிளாஸ்மா தொற்றுகளுக்காக. உப்பைக் குறைக்கிறேன் என்று பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். எனக்குத் தந்திருக்கும் ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளோடு அது இரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். அதேபோல் உப்பைக் குறைத்த பிறகு அழுத்தம் இறங்கினால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. அடுத்த சிறுநீர்ச் சோதனையில் என் உப்பு 7 கிராமுக்கு வந்திருந்தது; மருத்துவர்தான் மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார்.

புரதத்துக்காகவும் பி1-க்காகவும் பன்றியிறைச்சி வேண்டும் என்பவர்கள் கசாப்புக்கடையில் அதே இடுப்புச் சதையைப் பதப்படுத்தாததாகக் கேட்டு வாங்கலாம். காஸ்லரில் உள்ள புரதமும் வைட்டமினும் அதிலும் இருக்கின்றன. 100 கிராமுக்கு உப்பு 0.15 கிராம் அளவில்தான். விலையும் பெரும்பாலும் குறைவு. காஸ்லரும் பதப்படுத்தாத இறைச்சியும் அருகருகே ஒரே தட்டில் இருந்தால் நிறத்தைப் பாருங்கள்: வெந்த பின்னும் சிவப்பாக இருப்பது உப்பிட்டது, வெளிறிப்போவது பதப்படுத்தாதது. ஐயம் இருந்தால் நைட்ரைட் உப்பு சேர்த்ததா என்று கேளுங்கள்; விற்பவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம்.